துரையின் மூச்சு

முதலில் மூச்சுதான் கேட்டது. இழுக்கும்போது பாதியில் எதிலோ இடறி, சீழ்க்கைபோல மெலிந்து, பிறகு ஓட்டை விழுந்த துருத்தியிலிருந்து வருவதுபோல வெளியே வந்தது. சின்னதாக ஒரு 'டிக்'. மறுபடி அதே மூச்சு. டப்பிங் அறையில் விளக்கு இல்லை, எதிரே திரையும் கறுத்துக் கிடந்தது. மாசிலாமணியின் காதுகளை இறுக்கிப் பிடித்திருந்த ஹெட்போனுக்குள் மட்டும் ஒன்பது விநாடிக்கு ஒரு தரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். செத்து எட்டு மாதம் ஆன கிழவர். "கேட்டுக்கிட்டே இருங்க சார், எங்கயாவது பிடிபடும்" என்று சொல்லி, அந்தத் துண்டை மட்டும், ஒவ்வொரு சுற்று முடிகிற இடத்திலும் ஒரு 'டிக்'கோடு, திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டு, ரெஹானா வேலை கொடுத்த மும்பைக் கம்பெனிக்காரர்களிடம் பேச மாடிக்குப் போயிருக்கிறாள். அவள்தான் ஒலிப்பதிவாளர். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தது, பதினோரு டேக் ஆகிவிட்டது. பதினோரு தரமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து "நல்லாருக்கு சார், இன்னொண்ணு போயிடலாம்" என்றாள். நல்லாயிருந்தால் இன்னொன்று எதற்கு? அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நல்ல பெண். பெரியவர்களிடம் நேராகச் சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். அவர் ஃபிளாஸ்க்கைத் தடவி எடுத்து வெந்நீரை ஒரு வாய் குடித்தார். தொண்டை சுத்தமாக இருந்தது. அறுபத்து நாலு வயதில் இத்தனை சுத்தமான தொண்டை. அதுதான் இன்றைக்குக் கேடாக வந்து நிற்கிறது.

வால்டர் கிம்பர் என்று பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. முகத்தைக் காட்டினால் "அட, இவரா" என்பார்கள். கதவைத் திறந்துவிடுகிற வேலைக்காரர், கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிற போலீஸ்காரர், தூக்குக் கைதிக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சிறைக் காவலர், மழையில் குடை பிடிக்கிற பாதிரியார். கதாநாயகனுக்கு ஒரு அடி பின்னால், இடது பக்கம், பாதி வெளிச்சத்தில் நிற்கிறவர். அந்தப் பாதி வெளிச்சத்துக்குத் தமிழில் குரல் கொடுத்தது முப்பத்தோரு வருஷமாக மாசிலாமணிதான். முப்பத்தெட்டுப் படம். சிலதில் நாலு வரி, சிலதில் "உள்ளே வாங்க" மட்டும். "உள்ளே வாங்க"வை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்பது அந்த மனுஷரிடமிருந்து கற்றுக்கொண்டது. உதடு திறக்கிறதுக்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு எடுப்பார் கிம்பர். மற்ற நடிகர்களுக்கு வாய் திறந்தால் வசனம். இவருக்கு மூச்சிலேயே பாதி வசனம் போய்விடும். அந்த மூச்சைப் பிடித்தால் போதும், வார்த்தை தானாக வந்து உட்காரும் என்று பழைய ரெக்கார்டிஸ்டுகளிடம் சொல்வார் மாசிலாமணி. அவர்கள் சிரிப்பார்கள். மனைவி புனிதாகூடச் சிரிப்பாள். "உங்க தொரை இன்னைக்கு வூட்டுக்கு வந்துட்டாரு போல" என்பாள், அவர் சாப்பிடும்போது தன்னையறியாமல் முள்கரண்டி பிடிக்கிற மாதிரி ஸ்பூனைப் பிடித்தால். அவள் போய் ஆறு வருஷம். இப்போது ஸ்பூனை எப்படிப் பிடித்தாலும் கேட்க ஆள் இல்லை.

மூச்சு. டிக். மூச்சு. சினிமாக்காரர்கள் அனுப்புகிற ஒலியில் காலடி உண்டு, கதவு உண்டு, காற்றும் மழையும் சங்கீதமும் உண்டு. மனுஷத் தொண்டையிலிருந்து வருகிறது மட்டும் இருக்காது. சிரிப்பு, இருமல், விம்மல், ஏப்பம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதையெல்லாம் அந்தந்த ஊர்க்காரன் தன் தொண்டையால் போட்டுக்கொள்ள வேண்டும். கேட்டுப் படிப்பதற்கு மட்டும் அசல் ஒலி தனியாக வரும். அப்படித்தான் கிம்பர் இப்போது காதுக்குள் இருக்கிறார். இந்தக் கடைசிப் படத்தில் அவருக்கு மொத்தம் நாலே வரி, மீதியெல்லாம் மூச்சுதான். எண்பத்தொன்றாம் வயதில் தொண்டையில் புற்று வந்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை. அதோடு நடிக்க வந்திருக்கிறார். இடிக்கப்போகிற அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிற கிழவர் வேஷம். நகரசபைக் கூட்டத்தில் எழுந்து, கழுத்து ஓட்டையை விரலால் அமுக்கிக்கொண்டு பேசுகிறார். இது என் வீடு. இங்கேதான் என் பெண்டாட்டி செத்தாள். எழுதிக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கேட்டால் அது குரலே இல்லை, ஈரத் துணியைக் கிழிக்கிற சத்தம். காலையிலிருந்து மாசிலாமணி அதைத்தான் செய்து பார்க்கிறார். தொண்டையை இறுக்கினார், தண்ணீர் குடிக்காமல் காயவிட்டார், ஒரு டேக்கில் கழுத்தைத் துண்டால் கட்டிக்கொண்டுகூடப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே குறை. குரல் உள்ளவன் குரலை ஒளித்துவைத்துக்கொண்டு பேசுகிறான். ஒளித்துவைத்திருக்கிறது கேட்கிறது. ஒளித்துவைத்தது எப்போதுமே கேட்டுவிடும், அது அவருக்குத் தெரியாததா.

இல்லை, அங்கே போக வேண்டாம். அவர் ஸ்டூலில் உடம்பை மாற்றி உட்கார்ந்தார். கிம்பரை நினைக்கலாம். கிம்பரின் அப்பா வடக்கே ஏதோ துறைமுகத்தில் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர் கிம்பர். மாசிலாமணியும் எட்டாவதுதான். அந்த ஒற்றுமை முதல் தடவை தெரிந்தபோது, மூர்மார்க்கெட் பக்கம் வாங்கின பழைய ஆங்கிலப் பத்திரிகையை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்தார். பிறகு கிம்பரைப் பற்றிக் கிடைத்த எல்லாவற்றையும் வெட்டி வைத்தார். நிறவெறி நாட்டுக்கு நாடகம் போட வரமாட்டேன் என்று மறுத்தது. வாடகைக்காரர்களைத் துரத்தியபோது அவர்களோடு தெருவில் உட்கார்ந்து, போலீஸ் வண்டியில் ஏறினது. ராணி கொடுக்கிற பட்டத்தை வேண்டாம் என்று கடிதம் எழுதினது. ஒரு நாடகக் கொட்டகையில் தரை கூட்டுகிற பெண்களை வேலையைவிட்டு நிறுத்தியபோது, நடித்துக்கொண்டிருந்த வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பெண்களோடு பின்வாசலில் மூன்று வாரம் நின்றது. அதற்கு ஒரு படம் போட்டிருந்தார்கள். மழைக்கோட்டும் தொப்பியுமாக, கையில் டீக்கேன். வாழ்க்கையிலும் அதே இடத்தில்தான் நின்றார், ஒரு அடி பின்னால், இடது பக்கம். யாரோ கேட்டிருக்கிறார்கள், நடிகனுக்கு இதெல்லாம் எதற்கு என்று. நான் நடிக்கிறதெல்லாம் கதவைத் திறந்துவிடுகிற ஆட்களை, வேலை முடிஞ்சு அவங்க எப்படி வீட்டுக்குப் போறாங்கன்னு தெரியாம எப்படிங்க நடிக்கிறது. இந்த வரியை மாசிலாமணி தமிழில் அப்படியே வைத்திருந்தார், கிம்பர் தன் குரலிலேயே அதைச் சொன்னதுபோல. வேலை முடிஞ்சு எப்படி வீட்டுக்குப் போறாங்க. இந்த இடத்தில் வந்தால் நினைப்பு முள்ளில் மாட்டின வேட்டிபோல நின்றுவிடும். இழுத்தால் கிழியும்.

ஏனென்றால் தனுஷ்கோடி அண்ணன் கேட்டதும் அதைத்தான். சாயங்கால ஷிப்ட் முடிகிற பெண்களுக்கு வீடு போக வண்டி வேண்டும். இருபத்தோரு வருஷத்துக்கு முந்தி, இதே வடபழனியில், இப்போது துணிக்கடைக் கிடங்காகிவிட்ட ஒரு ஸ்டூடியோவில். ஆலப்பாக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண், சின்னப் பிள்ளைக் குரல் போடுகிறவள், பஸ் போய்விட்டதால் நடந்து போகிற வழியில் எவனோ கையைப் பிடித்து இழுத்து, கழுத்துச் சங்கிலியோடு போய்விட்டான். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தனுஷ்கோடி அண்ணன்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். வில்லன் குரல் போடுகிறவர், ஆனால் கோபப்படத் தெரியாத மனுஷர். "ஒரு வண்டி. ஒரே ஒரு வண்டி. அதுவரைக்கும் நம்ம வாயைத் திறக்க வேணாம்யா, அவ்வளவுதான்" என்றார். மொத்தம் இருபத்து நாலு பேர், குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள், கேட்டுக்கு வெளியே தார்ப்பாய் கட்டி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது. அதுதான் அண்ணனின் யோசனை. நம்ம சத்தம் அவங்களுக்கு வேணும், அதைக் கொடுக்காம இருப்போம். மாசிலாமணியும் பதினைந்து நாள் உட்கார்ந்தார். பதினைந்து நாளும் அண்ணனுக்குப் பக்கத்தில்.

பக்கத்தில் என்றால் எப்போதும் அவருக்கு இடது பக்கம். அது மைக்குக்கு முன்னால் பழகின இடம். அந்தக் காலத்தில் ஒரே மைக்கில் நாலைந்து பேர் நெருக்கியடித்து நிற்க வேண்டும். மாசிலாமணிக்குக் கண் பார்வை மட்டம். காகிதத்தில் வசனத்தைப் பார்த்தால் திரையில் உதட்டைப் பார்க்க முடியாது. அதனால் தனுஷ்கோடி திரையைப் பார்ப்பார், தன் இடது கையை மாசிலாமணியின் தோளில் வைத்திருப்பார். ஒரு தட்டு என்றால், பொறு, இன்னும் இல்லை. இரண்டு தட்டு என்றால், இப்போ, விடு. வாயைத் திறக்காமல் பேசுகிற பாஷை. எட்டு வருஷம் அந்தத் தோளில் தட்டு வாங்கித்தான் அவர் தொழில் கற்றது. நடுவில் கேலிக்கும் குறைச்சல் இல்லை. "டேய் மாசி, உன் தொரைக்கு இன்னைக்கு என்ன வேலை? கதவைத் திறக்கிறதா, சாத்துறதா?" "இன்னைக்குக் குடை பிடிக்கிறாரு அண்ணே." "பரவால்லயே, பிரமோஷன் ஆயிட்டாரு." அந்தத் தோளில் இப்போதும் ஒரு இடம் இருக்கிறது. குளிக்கும்போது சோப்புப் போட்ட கை அந்த இடத்துக்கு வந்தால் ஒரு கணம் நிற்கும்.

மூச்சு. டிக். பதினாறாம் நாள் ரெக்கார்டிஸ்ட் வீட்டுக்கு வந்தான். கிம்பர் படம் ஒன்று வந்திருக்கிறது என்றான். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் பற்றின கதை. கிம்பர் வயசான கிரேன் ஓட்டி. தகரப் பீப்பாய் மேல் ஏறி நின்று நாலு நிமிஷம் பேசுகிறார். வாழ்க்கை முழுக்க "உள்ளே வாங்க" சொன்ன மனுஷர், முதல் தடவையாக நாலு நிமிஷம். "நீங்க வரலைன்னா கோயமுத்தூர்லேர்ந்து ஒரு ஆளை வரச் சொல்லியிருக்காங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். புனிதா அடுக்களையில் இருந்தாள். மகள் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் ரெக்கார்டிஸ்டின் வேனில், பின்சீட்டுக்கு அடியில், ஸ்டூடியோச் சுவரில் எதிரொலி வராமல் மாட்டுகிற தடிக் கம்பளி நாலைந்தை மேலே போர்த்திக்கொண்டு படுத்துக் கேட்டைத் தாண்டினார் மாசிலாமணி. கம்பளியில் பழைய வியர்வை வாடை, கொசுவர்த்தி வாடை. வேன் கேட்டில் வேகம் குறைந்தபோது தார்ப்பாய்க்கு அடியில் யாரோ செருமியது கேட்டது. செருமலிலிருந்தே தெரிந்தது, அண்ணன். உள்ளே போய் மைக்கின் முன்னால் நின்றார். தோளில் கை இல்லை. ஒரே டேக். கிம்பர் பீப்பாய் மேல் நின்று, மூக்கால் அந்தச் சின்ன மூச்சை எடுத்து, நம்மில் ஒருவன் உள்ளே போனால் நாம் எல்லோரும் வெளியே இருந்தது வீண் என்று ஆரம்பித்தார். மாசிலாமணியும் அந்த மூச்சை எடுத்து, அதையே தமிழில் சொன்னார். நாலு நிமிஷம். குரல் எங்கேயும் பிசகவில்லை. ரெக்கார்டிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதுதான் அவர் வாழ்க்கையில் செய்த நல்ல வேலை. அதைவிட நல்லதாக எதையும் செய்ததில்லை. அதுதான் கஷ்டம்.

முகம் தெரியக் கூடாது என்றுதான் கம்பளி. வரும்போதும் கம்பளி. யாரும் பார்க்கவில்லை, நூற்றுக்கு நூறு யாரும் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலை வழக்கம்போல அண்ணனுக்கு இடது பக்கம் வந்து உட்கார்ந்து, அவர் நீட்டின பொட்டலத்திலிருந்து பொரியைக்கூட அள்ளித் தின்றார். முகத்தை ஒளிக்க அத்தனை பாடுபட்டவனுக்கு, தன் தொழில் முகம் இல்லை என்பது எப்படி மறந்துபோனது? ஒரு கொத்தனாரோ டிரைவரோ இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். படம் அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஓடியது. கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே அவசரமாகப் போட்டார்கள், பாருங்கள், நீங்கள் இல்லாமலும் வேலை நடக்கிறது என்று காட்ட. தமிழ்நாடு முழுக்க வீட்டுக் கூடங்களில் மாசிலாமணியின் குரல் நாலு நிமிஷம் நின்றது. திங்கட்கிழமை தார்ப்பாயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தனுஷ்கோடி அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அவரைப் பார்த்தார். திட்டவில்லை. "நல்லா பண்ணியிருக்கடா" என்றார். "அந்த மூச்சை நல்லா பிடிச்சிருக்க." கேலியா, நிஜமா என்று இருபத்தோரு வருஷமாக மாசிலாமணி அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். குரலைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, அந்த ஒரு வரியைத் தவிர. நிஜமாகச் சொல்லியிருந்தால் அது இன்னும் மோசம்.

வண்டி வரவில்லை. ஆலப்பாக்கத்துப் பெண் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. அண்ணன் உள்பட அஞ்சு பேருக்கு எந்த ஸ்டூடியோவும் கதவைத் திறக்கவில்லை. அண்ணன் துணிக்கடை, நகைக்கடை, கட்சிக் கூட்டம் என்று ஆட்டோவில் மைக் கட்டிப் போகிற விளம்பரங்களுக்குப் பேசினார். கோடம்பாக்கம் பாலத்தில் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, நடிகையர் உடுத்தும் பட்டு என்று அந்தக் குரல் தாண்டிப் போனது. மாசிலாமணி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. புனிதாகூட ரொம்ப நாள், பிள்ளை ஃபீஸுக்காகத்தான் அன்றைக்குப் போனார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் மறுக்கவில்லை. பணத்துக்காகப் போயிருந்தால் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பசி என்றால் அண்ணன் புரிந்துகொள்வார், அவரே வாங்கிக் கொடுப்பார். கோயமுத்தூர்க்காரன் ஒருவன் கிம்பரின் வாய்க்குள் நாலு நிமிஷம் இருப்பதைப் பொறுக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? அந்த டீக்கேன் படத்தை வெட்டி வைத்திருந்தவன்தான் போனான். தெரியாமல் போகவில்லை. கிம்பருக்கு ஒரு கடிதம் எழுதினார் ஒருதரம், அகராதி வைத்து, பத்து நாள் எடுத்து. அன்புள்ள ஐயா, நான் உங்கள் தமிழ்க் குரல். அடுத்த வரியில் அந்தத் துறைமுகப் படத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எங்கே பதிவு செய்தேன், எப்படி உள்ளே போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மனுஷருக்கு எழுதுவதற்கு வேறென்ன இருக்கிறது? கடிதம் பீரோவில் புனிதாவின் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அன்புள்ள ஐயா, நான் உங்கள் தமிழ்க் குரல், முற்றுப்புள்ளி.

மூச்சு, இடறல், சீழ்க்கை, டிக். இந்த மூச்சை இதற்கு முன்னால் கேட்டிருக்கிறார். காலையில் முதல் டேக்கிலேயே தெரிந்தது, அப்போதிலிருந்து தெரியாததுபோல நடித்துக்கொண்டிருக்கிறார். புனிதா செத்த அன்றைக்குக் கூட்டத்தில் பின்னால் இதே சீழ்க்கை. திரும்பிப் பார்த்தால் கழுத்தில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு தனுஷ்கோடி அண்ணன். பாதியாக இளைத்திருந்தார். வெற்றிலை கொண்டுபோய்விட்டது என்றார்கள், குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள் என்றார்கள். அவர் மனைவி திலகம் அண்ணிதான் சொன்னாள், "சின்னதா ஒண்ணு வெச்சிருக்காங்கப்பா உள்ள, விரலை வெச்சு அமுக்கினா நாலு வார்த்தை வரும். இவருதான் அமுக்க மாட்டேங்கிறாரு. யாரும் கேக்கக் கூடாதாம்." அண்ணன் மெல்ல வந்து இடது கையை மாசிலாமணியின் தோளில், அந்த இடத்தில், வைத்தார். தட்டவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. கொஞ்ச நேரம் கை சும்மா இருந்தது, பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆறு வருஷமாக இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பால் வாங்கப் போகிற வழி அந்தத் தெருதான். மாசிலாமணி சுற்றுவழியில் போய்ப் பாக்கெட் பால் வாங்குகிறார்.

அப்படியென்றால் இந்த நாலு வரிக்கு உரியவர் யார் என்று யாராவது கேட்டால். யாரும் கேட்கப்போவதில்லை. அதுதான் பயம். கேட்காவிட்டால் பன்னிரண்டாவது டேக்கோ இருபதாவது டேக்கோ எப்படியோ ஒப்பேறிவிடும். மும்பைக்காரனுக்கு ஈரத் துணியும் தெரியாது, காய்ந்த துணியும் தெரியாது. கிம்பரின் கடைசிப் படம். முப்பத்தொன்பதாவது. முப்பத்தெட்டில் இருந்துவிட்டுக் கடைசியில் வேறொருவரை உள்ளே விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி? கோயமுத்தூர்க்காரன் ஞாபகம் வந்தது. பெயர்கூடத் தெரியாது. பாவம், அன்றைக்கு ரயிலேறி வந்து சென்ட்ரலில் இறங்கித் திரும்பிப் போனானாம். அண்ணனைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? இருபத்தோரு வருஷம் கழித்து இவன் கொடுக்கிறானாம் வாய்ப்பு, குரல் போன பிறகு குரல் வேலை, என்று திலகம் அண்ணி விளக்குமாற்றைத் தூக்குவாள். யாரும் கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறவரிடம் போய் ஊரே கேட்கிற மாதிரி அமுக்கிப் பேசு என்பதா? அது மன்னிப்பா, இன்னொரு கம்பளியா? கிம்பர் செய்தார். கிம்பர் எண்பத்தொன்றில் கழுத்தைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றார். ஆனால் கிம்பரை யாரும் பொரி கொடுத்து ஏமாற்றவில்லை. இல்லை, பொரி கொடுத்தது அண்ணன். ஏமாற்றினது. தொண்டை சுத்தமாக இருந்தது. அவர் இன்னொரு வாய் வெந்நீர் குடித்தார்.

விளக்கு வந்தது. ரெஹானா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, லூப்பை நிறுத்தினாள். மூச்சு நின்றதும் காது அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. "நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க சார்" என்றாள். பிறகு தயங்கி, "அதுக்கும் சரியா வரலைன்னா, தப்பா நினைச்சுக்காதீங்க, வேற யாரையாவது பாக்கச் சொல்றாங்க" என்றாள். மாசிலாமணி ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நீ என்னம்மா நினைக்கிற? பெரியவன்னு பாக்காம சொல்லு." அவள் பட்டன்களைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்க குரல் ரொம்ப நல்லாருக்கு சார். அதான் பிரச்சினை." அவருக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் சொல்லியிருக்க வேண்டிய பதில். "வேற ஆள் இருக்காரு" என்று தன் குரல் சொல்வதைக் கேட்டார். சொன்ன பிறகுதான் அது முடிவு என்று தெரிந்தது. நம்பர் போனில் இருந்தது. ஆறு வருஷமாக இருக்கிறது.

"யாரு?" என்றாள் திலகம் அண்ணி. "நான்தான் அண்ணி" என்றார். "அதான் தெரியுதே. உன் குரலைக் கேட்டு யாருன்னு கேக்கிற வீடாப்பா இது. என்ன, யாருக்கு என்ன ஆச்சு?" "யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அண்ணன் இருக்காரா?" "இங்கதான் உக்காந்திருக்காரு. கஞ்சி ஆத்திட்டிருக்கேன். ஸ்பீக்கர்ல போடறேன், சொல்லு." ஒரு கரகரப்பு, பிறகு அகலமான ஒரு வீட்டுச் சத்தம், ஃபேன், தெருவில் சைக்கிள் மணி. அதற்கு நடுவில் அந்தச் சீழ்க்கை. காலையிலிருந்து கேட்ட அதே சீழ்க்கை, ஆனால் சுற்றாமல், தன் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிற மூச்சு. மாசிலாமணியின் கையில் காகிதம் இல்லை. படத்தைச் சொன்னார். கிழவரைச் சொன்னார், கழுத்தைச் சொன்னார், நாலு வரியைச் சொன்னார். "என்னால முடியலண்ணே. பதினோரு டேக் ஆயிடுச்சு. இது உங்க வேலை." சீழ்க்கை போய் வந்தது. அப்படியே நிறுத்தியிருக்கலாம். "அன்னைக்கு வேன்ல கம்பளிக்குள்ள படுத்துக்கிட்டுப் போனேன்" என்றார். "தெரியும்பா அது" என்றாள் திலகம் அண்ணி, கரண்டிச் சத்தத்தோடு. "காசுக்குப் போகலைண்ணே. பொண்ணு ஃபீஸுக்குன்னு எல்லாரும் சொன்னாங்க, அதில்ல. அந்த நாலு நிமிஷத்தை வேற எவனும் பேசறதைத் தாங்க முடியல. அதுக்காகப் போனேன்." கரண்டிச் சத்தம் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெஹானா தலையைக் குனிந்துகொண்டாள். போனில் மூச்சு ஒருதரம் இடறியது. எதையாவது அமுக்குகிறாரா, ஏதாவது வருமா என்று அவர் போனைக் காதோடு அழுத்தினார். வார்த்தை வரவில்லை. பிறகு போனுக்குப் பக்கத்தில், மேஜையிலோ போன் மேலேயோ, விரல் முட்டியால் ஒரு தட்டு.

அவர் இரண்டாவதுக்குக் காத்திருந்தார். வரவில்லை. "என்னப்பா, என்னமோ தட்டறாரு. என்னன்னு புரியுதா உனக்கு?" என்றாள் திலகம் அண்ணி. "புரியுது அண்ணி." "அப்ப சரி. கஞ்சி ஆறிப்போச்சு, வெச்சிடறேன்." வைத்துவிட்டாள். மாசிலாமணி இடது கையால் தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "வர்றேன்னாரா சார்?" என்று ரெஹானா கேட்டாள். "இல்லை." "மாட்டேன்னுட்டாரா?" "இல்லைம்மா. பொறுக்கச் சொல்றாரு." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் விசைப்பலகையைப் பார்த்தாள். "பொறுத்துப் பாக்கலாம் சார், நாளைக்குப் பதினொண்ணு வரைக்கும்தான் இருக்கே" என்றாள். "அதுவரைக்கும் சும்மா உக்காருவானேன்" என்றார் மாசிலாமணி. "அந்த நகரசபை சீன்ல வெளியில கூட்டம் நிக்குதே, கும்பல் குரல் போட்டாச்சா?" "இல்ல சார், அதுக்குச் சாயங்காலம் சின்ன ஆர்ட்டிஸ்டுங்களை வரச் சொல்லியிருக்கேன். நீங்க எதுக்கு அதெல்லாம்." "போடும்மா. நானும் நிக்கிறேன்." திரை வெளிச்சமாயிற்று. மழையில் குடைகளோடு ஜனங்கள், யார் முகமும் தெளிவாக இல்லை. கும்பல் குரலுக்கு மைக்கை ஒட்டி நிற்கக் கூடாது. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாலு அடி பின்னால் போய், கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ரெஹானா கையைக் காட்டினாள். "அதானே" என்றார் அவர், யாருடைய குரலும் இல்லாத ஒரு குரலில். "கேளுங்கய்யா, அந்தப் பெரியவரு சொல்றதைக் கேளுங்க." பிறகு முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, வேறொரு ஆளாக, மறுபடியும், "அதானே."